மேக்ரோ ஓடாத கணினியில் வருமான வரிக் கணக்கு

வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் நானே தாக்கல் செய்து வருகிறேன். ஆடிட்டரிடம் கொடுப்பதில் தவறொன்றும் இல்லை; தொழில் நடத்துபவர்களுக்கும் தணிக்கை தேவைப்படுபவர்களுக்கும் அவர் இல்லாமல் ஆகாது. சம்பளம், வங்கி வட்டி, கொஞ்சம் பங்கு விற்பனை என்ற அளவில் வருமானம் உள்ள ஒருவர், தன் பணம் எந்த வழியில் வந்தது, அதில் எவ்வளவு எங்கே பிடிக்கப்பட்டது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையாவது தானே உட்கார்ந்து பார்ப்பது நல்லது என்பது என் கருத்து. இந்தப் பழக்கத்துக்குக் குறுக்கே நிற்பது சட்டத்தின் சிக்கல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சட்டம் படித்தால் புரிந்துவிடுகிறது. கணினிதான் மக்கர் செய்கிறது.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 7 காலத்தில் வாங்கிய மடிக்கணினி. அந்த இயங்குதளத்துக்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுபோனது. அதன் பிறகு குரோம் உலாவியும் 109-ஆம் பதிப்போடு விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. புதிய கணினி வாங்குவதற்குப் பதிலாக இருந்ததிலேயே லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டேன். கடிதம் எழுதவும், மின்னஞ்சல் பார்க்கவும், வங்கி வேலைகளை முடிக்கவும் அது தாராளமாகப் போதும். உலாவி இன்றைய பதிப்பு என்பதால் வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளமும் குறையின்றித் திறக்கிறது. அதில் இல்லாதது ஒன்றே ஒன்று, மைக்ரோசாஃப்ட் எக்செல். ஆண்டில் பதினோரு மாதம் அந்தக் குறை தெரிவதில்லை.

கணக்குத் தாக்கல் செய்ய இரண்டு வழிகள் உண்டு என்பது பலருக்கும் தெரிந்ததே. ஒன்று, தளத்துக்குள் நுழைந்து உலாவியிலேயே படிவத்தை நிரப்பி அனுப்புவது. மற்றொன்று, யுடிலிட்டி எனப்படும் இலவச மென்பொருளைத் தரவிறக்கி, நம் கணினியிலேயே படிவத்தை நிரப்பி, முடிவில் அது உருவாக்கித் தரும் ஜேசன் (JSON) என்னும் வகைக் கோப்பைத் தளத்தில் ஏற்றுவது. முன்பு இந்தக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவத்தில் இருந்தது. 2021 ஜூன் 7 அன்று புதிய தளம் வந்ததையொட்டி ஜேசனுக்கு மாறியது. அந்தப் பழைய நாட்களில் எக்செல் யுடிலிட்டியோடு ஜாவாவில் எழுதப்பட்ட யுடிலிட்டியும் இருந்தது. ஜாவா நிறுவியிருந்தால் லினக்ஸிலும் அது ஓடும் என்பதால் என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கல் எழவில்லை. இப்போது யுடிலிட்டி என்றால் ஒன்று மேக்ரோ (எக்செல்லுக்குள் தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு) அடங்கிய எக்செல் கோப்பு, இல்லையென்றால் விண்டோஸில் நிறுவ வேண்டிய தனி மென்பொருள்.

ஆன்லைன் வழி இருக்கும்போது யுடிலிட்டியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டில், அதாவது 2024-25 நிதியாண்டின் வருமானத்துக்குக் கணக்குக் கொடுத்த ஆண்டில், நடந்ததைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். அந்த ஆண்டு படிவங்கள் பெருமளவு மாறியிருந்தன. பங்குகள், பங்குசார் மியூச்சுவல் ஃபண்டுகள் ஆகியவற்றின் மூலதன ஆதாயத்துக்கான (விற்று வரும் லாபத்துக்கான) வரிவிகிதம் 2024 ஜூலை 23 முதல் மாற்றப்பட்டதுதான் முக்கியக் காரணம். குறுகியகால ஆதாயத்துக்கு 15 சதவீதமாக இருந்தது 20 ஆனது. நீண்டகால ஆதாயத்துக்கு 10 சதவீதமாக இருந்தது 12.5 ஆனது. நிதியாண்டின் நடுவில் விகிதம் மாறியதால், ஒரே ஆண்டின் விற்பனைகளை அந்தத் தேதிக்கு முன், பின் என்று பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. ஜூலை 31 என்றிருந்த கடைசி நாளும் செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. பிறகு மேலும் ஒரு நாள் நீட்டிக்கப்பட்டது. ஐடிஆர் என்று எண்ணிட்டு வரும் கணக்குப் படிவங்களில் ஐடிஆர்-2, ஐடிஆர்-3 ஆகியவற்றுக்கான எக்செல் யுடிலிட்டிகள் 2025 ஜூலை 11 அன்று வெளிவந்தன. உலாவியில் நிரப்பும் வசதி அந்தப் படிவங்களுக்கு அதற்குப் பின்புதான் திறந்தது.

ஆகவே குறுகியகால மூலதன ஆதாயம் உள்ள ஒருவர், அதாவது ஐடிஆர்-1 என்னும் எளிய படிவம் போதாதவர், அந்த இடைவெளியில் கணக்கை முடிக்க நினைத்தால் எக்செல் இருந்தாக வேண்டும். (நீண்டகால ஆதாயம் மட்டும் இருந்து, அது ஒன்றேகால் லட்ச ரூபாய்க்குள் இருந்து, முந்தைய ஆண்டுகளிலிருந்து முன்கொணர்ந்த நஷ்டம் எதுவும் இல்லாமல் இருந்தால், அந்த ஆண்டு முதல் ஐடிஆர்-1 போதும் என்று ஆக்கினார்கள். பலருக்கு அது பெரிய நிம்மதி, எனக்குப் பயன்படவில்லை.) காத்திருந்தால் தானாகத் தீரும் சிக்கல்தான் இது. ஆனால் ஜூலை மாதத்தில் காகிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பிவிட்ட பிறகு காத்திருப்பது என் சுபாவத்தில் இல்லை.

யுடிலிட்டியைத் தரவிறக்கி, ஜிப் கோப்பைப் பிரித்து, லினக்ஸுடன் வந்த இலவச ஆபிஸ் தொகுப்பில் திறந்தேன். அது திறக்கவே திறக்காது என்றுதான் எதிர்பார்த்தேன். திறந்தது. தாள்கள் எல்லாம் வரிசையாக இருந்தன, வண்ணங்கள் இருந்தன, பெயர் எழுத இடம் இருந்தது, சம்பளத்தைத் தட்டினால் கட்டம் வாங்கிக்கொண்டது. ஆனால் ஒரு தாளை முடித்து அதன் மேலே உள்ள சரிபார்ப்புப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. புதிய வரிசை சேர்க்கும் பொத்தானும் அசையவில்லை. சில கூட்டுத்தொகைகள் நான் உள்ளிட்டதற்கேற்ப மாறின. வேறு சில, மேக்ரோ ஓடினால் மட்டுமே நிரம்பக்கூடியவை, பூஜ்யத்திலேயே நின்றன. எது மாறியது, எது மாறவில்லை என்பதைத் திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூஜ்யம் என்பதும் ஒரு விடைதானே.

காரணம் எளியது. அந்தக் கோப்பு பார்வைக்கு அட்டவணை. உள்ளே அது ஒரு நிரல். விபிஏ என்னும் மொழியில் எழுதப்பட்ட மேக்ரோக்கள்தான் அதன் உயிர். மற்ற அட்டவணைச் செயலிகள் அந்த மொழியை ஓரளவு புரிந்துகொள்ளும், முழுமையாகப் புரிந்துகொள்ளா. கூகுள் ஷீட்ஸில் விபிஏ ஓடாது. உலாவியில் திறக்கும் எக்செல்லிலும், கைப்பேசியில் உள்ள எக்செல்லிலும் கூட ஓடாது. ஆப்பிள் கணினிக்கான எக்செல்லில் விபிஏ ஓடும். ஆனால் ஆக்டிவ்எக்ஸ் எனப்படும் விண்டோஸுக்கே உரிய பொத்தான்களும் பெட்டிகளும் அதில் வேலை செய்வதில்லை. “என்னிடம் எக்செல் இருக்கிறது” என்று ஒருவர் சொன்னால், எந்தக் கருவியில் உள்ள எக்செல் என்று அடுத்த கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்.

மென்பொருளும் கணினியும் ஒத்துவராதபோது “நிறுவ முடியவில்லை” என்ற பிழைச்செய்தி வருவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. எரிச்சல் வரும், வேறு வழி தேடுவோம், அவ்வளவுதான். ஒத்துவராமலேயே ஒத்துவந்ததுபோல் காட்டிக்கொண்டு, தவறான தொகையைக் கட்டத்தில் எழுதிவிட்டு அமைதியாக இருக்கும் நிலைதான் பயப்பட வேண்டியது. இது யுடிலிட்டியில் மட்டும் நடப்பதல்ல. கணக்குக்கு மூலமான கோப்புகளிலேயே நடக்கிறது. அதற்கு ஒரு நல்ல உதாரணம் தேதி.

பங்குத் தரகு நிறுவனத்திடமிருந்து வரும் ஆதாய-நஷ்ட அறிக்கையை சிஎஸ்வி (விவரங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதிய) கோப்பாக எடுத்துக்கொள்கிறோம். அதில் ஒரு பங்கு 05/08/2024 அன்று விற்கப்பட்டதாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு அது ஆகஸ்ட் 5. கணினியின் மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலமாக இருந்தால், அட்டவணைச் செயலிக்கு அது மே 8. சாதாரண ஆண்டென்றால் இரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் வருவதால் வரித்தொகையில் பெரும்பாலும் வேறுபாடு இராது. ஆனால் 2024-25 நிதியாண்டில், மே 8 என்பது ஜூலை 23-க்கு முந்தைய தேதி. ஆகஸ்ட் 5 பிந்தையது. அந்த விற்பனையில் 40,000 ரூபாய் குறுகியகால ஆதாயம் என்றால், முன்னதற்கு 15 சதவீதப்படி 6,000 ரூபாயும் பின்னதற்கு 20 சதவீதப்படி 8,000 ரூபாயும் வரி. 4 சதவீத செஸ் (வரியின் மீதான கூடுதல் வரி) சேர்த்தால் வேறுபாடு 2,080 ரூபாய். எந்தப் பிழைச்செய்தியும் வராது. தேதிவாரியாக வரிசைப்படுத்தி, ஜூலை 23-இல் கோடு கிழித்து, மேலும் கீழும் கூட்டினால், கூட்டுத்தொகை அறிக்கையில் உள்ள மொத்தத்தோடு அச்சாகப் பொருந்தும். பிரிவு மட்டும் தவறாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு குறி உண்டு. தேதி என்று செயலி புரிந்துகொண்டவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும். புரியாதவை வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 05/08/2024 மே மாதமாகி வலப்பக்கம் போய்விடும். 25/07/2024 என்பதற்கு இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது இடப்பக்கத்திலேயே நிற்கும். ஒரே நெடுவரிசையில் தேதிகள் இப்படி இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றால், கோப்பை மூடிவிட்டு மீண்டும் திறக்க வேண்டும். திறக்கும்போது அந்த நெடுவரிசை நாள்-மாதம்-ஆண்டு என்ற வரிசையில் உள்ளது என்று செயலிக்குச் சொல்ல வேண்டும். ‘1,25,000’ என்று நம் வழக்கப்படி காற்புள்ளி இட்ட தொகைகளிலும் இதே தொல்லை வரலாம். செயலி அதை எண்ணாக ஏற்காமல் எழுத்தாக வைத்துக்கொண்டால், கூட்டும்போது அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் வேலை முறை மாறிவிட்டது. யுடிலிட்டியைத் திறப்பதற்கு முன்பே கணக்கை முழுவதுமாக என் சொந்த அட்டவணையில் போட்டுவிடுகிறேன். அலுவலகம் தந்த படிவம் 16, வங்கிகளின் வட்டிச் சான்று, தரகு நிறுவனத்தின் அறிக்கை, பிடித்த வரியைக் காட்டும், துறையின் தளத்தில் உள்ள படிவம் 26ஏஎஸ், ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கை ஆகியவை போதும். இவற்றுக்கு எந்த இயங்குதளமும் சம்மதம், பெரும்பாலும் பிடிஎஃப்தான். ஏஐஎஸ் கோப்பு கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டி, அதை ஒட்டிப் பிறந்த நாள், மாதம், ஆண்டை எட்டு இலக்கங்களாகத் தட்ட வேண்டும். படிவம் 16-இல் உள்ள மின்கையொப்பத்தைப் பல பிடிஎஃப் செயலிகள் சரிபார்க்க முடியாமல் ஒரு கேள்விக்குறி போட்டுக் காட்டும். கணக்குப் போடுவதற்கு அது ஒரு தடையே அல்ல. இந்த ஆவணங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வரி எவ்வளவு, பிடித்தது எவ்வளவு, கட்ட வேண்டியதா திரும்ப வருவதா என்ற விடையை ஒரு தாளில் எழுதிவிட்டால், அதன் பிறகு மென்பொருளுக்கு மிச்சமிருக்கும் வேலை அந்த விடையை உறுதிசெய்வது மட்டுமே. அது வேறு விடை சொன்னால் ஏன் என்று கேட்கும் இடத்தில் நாம் இருப்போம்.

எக்செல் உள்ள கணினி ஒன்று கிடைத்தாலும் உடனே கதை முடிந்துவிடுவதில்லை. சித்தப்பா மகளின் மடிக்கணினியை ஒரு மாலை வாங்கி, அதில் யுடிலிட்டியைத் திறந்தபோது, மேலே சிவப்புப் பட்டை ஒன்று வந்தது: இந்தக் கோப்பு நம்பகமற்ற இடத்திலிருந்து வந்ததால் மேக்ரோக்கள் தடுக்கப்பட்டுள்ளன என்று. முன்பெல்லாம் மஞ்சள் பட்டை வரும், அதிலேயே அனுமதிக்கும் பொத்தான் இருக்கும், ஒரு சொடுக்கில் முடிந்துவிடும். மேக்ரோ வழியாக வைரஸ் பரவுவதைத் தடுக்க, இணையத்திலிருந்து வரும் கோப்புகளில் மேக்ரோக்களை இயல்பாகவே முடக்கிவிடும் மாற்றத்தை 2022-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. சிவப்புப் பட்டையில் அனுமதிக்கும் பொத்தான் கிடையாது. “அண்ணா, அதை மூடிட்டு ஃபைல் மேல ரைட் கிளிக் பண்ணி பிராப்பர்ட்டீஸ் போங்க, அடியில அன்பிளாக்னு ஒரு சின்னக் கட்டம் இருக்கும்” என்றாள் அவள். அலுவலகத்தில் தினமும் எக்செல்லோடு வாழ்பவள். அந்தக் கட்டத்தில் டிக் செய்து சேமித்துவிட்டுத் திறந்ததும் பொத்தான்கள் உயிர்பெற்றன. இதையே ஜிப் கோப்பைப் பிரிப்பதற்கு முன் அந்த ஜிப்புக்குச் செய்துவிட்டால் இன்னும் நல்லது.

அந்தத் தடை நியாயமானது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். துறையின் தளத்திலிருந்து நாமே தரவிறக்கிய கோப்புக்கு மட்டுமே இப்படித் தடையை நீக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பிய “ஐடிஆர் எக்செல்” எவ்வளவு அழகாக இருந்தாலும் அதற்கு இந்த மரியாதை கூடாது.

பிறர் கணினியில் வேலை செய்யும்போது உதவுவது ஜேசன் கோப்பின் இயல்பு. யுடிலிட்டி ஓடுவதற்குத்தான் விண்டோஸும் எக்செல்லும் வேண்டும். அது பெற்றுத் தரும் ஜேசன் வெறும் எழுத்துக் கோப்பு. அதை ஒரு பென் டிரைவில் எடுத்து வந்து, என் லினக்ஸ் கணினியின் உலாவியிலிருந்தே தளத்தில் ஏற்றலாம். சாதாரண எழுத்துச் செயலியில் திறந்து, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கவும் முடியும். என் அட்டவணையில் உள்ள மொத்த வருமானமும் வரியும் அதில் அப்படியே இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அதில் கைவைத்து எதையும் திருத்தக் கூடாது. டைஜஸ்ட் என்ற பெயரில் ஒரு சரிபார்ப்புக் குறியீடு உள்ளே இருக்கிறது. மாற்றம் தேவையென்றால் யுடிலிட்டிக்கே திரும்பிப் போய்ப் புதிய கோப்பை உருவாக்குவதுதான் முறை.

வாசிக்க முடிகிறது என்பதன் மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. பான் எண், பிறந்த தேதி, முகவரி, வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் அந்தக் கோப்பில் பூட்டில்லாமல் கிடக்கின்றன. தங்கையின் கணினி என்பதால் வேலை முடிந்ததும் எக்செல்லையும் ஜேசனையும் அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு வர முடிந்தது. தெருமுனை பிரவுசிங் சென்டரில் அது நடக்காது. அங்கே இ-ஃபைலிங் கடவுச்சொல்லையும் ஓடிபி வரும் கைப்பேசியையும் நீட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அலுவலகக் கணினியும் உகந்ததல்ல. பல நிறுவனங்கள் மேக்ரோவை முழுவதுமாக முடக்கி வைத்திருக்கின்றன. முடக்காவிட்டாலும், பணி சாராத சொந்த நிதி விவரங்களை அங்கே ஏன் விட்டுவர வேண்டும்?

லினக்ஸுக்குள் மெய்நிகர் கணினி ஒன்றை அமைத்து அதில் விண்டோஸை ஓட்டலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். செய்யலாம். அதற்கு விண்டோஸ் உரிமம் வேண்டும், எக்செல் உரிமம் வேண்டும், இரண்டையும் தாங்கும் நினைவகம் வேண்டும். ஆண்டுக்கு ஒரு மாலை வேலைக்கு இது யானை கட்டித் தீனி போடுவதற்குச் சமம். மின்வழித் தாக்கலுக்காகத் துறையிடம் பதிவுசெய்துகொண்ட தனியார் இணையச் சேவைகள் உண்டு. அவற்றுக்கு உலாவி போதும், எந்தக் கணினியும் ஒத்துவரும். கட்டணம் கட்டத் தயங்காதவர்களுக்கும், தம் விவரங்கள் மூன்றாம் கையில் இருப்பதைப் பொருட்படுத்தாதவர்களுக்கும் அது நல்ல வழிதான். காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்பவர்களுக்கு: 80 வயது நிறைந்தவர்கள், அதுவும் ஐடிஆர்-1 அல்லது ஐடிஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்பவர்கள் மட்டுமே அப்படிச் செய்யலாம்.

மென்பொருளையே முழுவதும் நம்பிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு, கணினி ஒத்துவராத சங்கடத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. அது நீதிமன்றம் வரை போன விஷயம். புதிய வரிமுறையில் 7 லட்ச ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்குப் பிரிவு 87ஏ-இன் கீழ் வரித் தள்ளுபடி இருந்தது. குறுகியகால மூலதன ஆதாயம் போன்ற தனி விகித வருமானத்தின் வரிக்கும் அந்தத் தள்ளுபடி பொருந்துமா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 2024 ஜூலை 5-க்குப் பிறகு யுடிலிட்டியிலேயே அதைக் கோர முடியாதபடி மாற்றம் வந்தது. அதாவது, அதே ஆண்டுக்கு அதே வருமானம் உள்ள இருவரில், ஜூலை தொடக்கத்திலேயே தாக்கல் செய்தவரால் கோர முடிந்ததைப் பின்னால் வந்தவரால் கோரவே முடியவில்லை. இது பொதுநல வழக்காகப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கோரிக்கை சரியா தவறா என்பதைப் பிறகு தீர்மானிக்கலாம், கோருவதற்கான வாசலையே மென்பொருள் அடைக்கக் கூடாது என்ற நிலைப்பாட்டை 2025 ஜனவரியில் நீதிமன்றம் எடுத்தது. இடையில், தாமதக் கணக்கும் திருத்தக் கணக்கும் தாக்கல் செய்யும் கடைசி நாள் 2025 ஜனவரி 15 வரை நீட்டிக்கப்பட்டது. கணக்கை முதலில் கையால் போட்டு வைத்திருந்தவர்களுக்குத்தான் யுடிலிட்டி சொன்ன தொகை தங்கள் தொகையிலிருந்து ஏன் விலகுகிறது என்ற கேள்வியே எழுந்திருக்கும். மற்றவர்கள் திரை சொன்ன தொகையைக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

என் கணக்கின் கதைக்கு வருகிறேன். தங்கையின் கணினியில் ஜேசன் உருவாக்கி எடுத்து வந்துவிட்டாலும், அதை உடனே ஏற்றவில்லை. ஆன்லைன் வசதி திறக்கும் வரை காத்திருந்து, அதே விவரங்களை என் சொந்தக் கணினியின் உலாவியில் நிரப்பிப் பார்த்தேன். சம்பளமும், பிடித்த வரியும், வங்கி வட்டியும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருந்தன. என் அட்டவணை, யுடிலிட்டி, ஆன்லைன் ஆகிய மூன்றும் ஒரே தொகையைச் சொன்ன பிறகே, ஆன்லைனில் நிரப்பியதை அனுப்பினேன். சிலருக்கு இது அதிகப்படியாகத் தோன்றும். எனக்கு அந்த மூன்று தொகைகளும் ஒன்றாக நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆன்லைனில் நிரப்புபவர்கள் ஒவ்வொரு பகுதியையும் முடித்தவுடன் சேமித்துக்கொள்வது அவசியம். காகிதத்தைத் தேட எழுந்துபோய்ச் சற்று நேரம் தளத்தைத் தொடாமல் விட்டால் அது நம்மை வெளியேற்றிவிடும்.

கணினி ஒத்துவரவில்லை என்பதைச் சட்டம் ஒரு சாக்காக ஏற்பதில்லை என்பதால் தேதிகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும். கடைசி நாளைத் தவறவிட்டால் பிரிவு 234எஃப்-இன்படி 5,000 ரூபாய் வரை தாமதக் கட்டணம். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. வரிப் பாக்கி இருந்தால் மாதத்துக்கு ஒரு சதவீத வட்டி தனி. கட்டணத்தைவிடப் பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பங்கு விற்பனையில் நஷ்டம் கண்டவர்கள், அந்த நஷ்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகளுக்கு முன்கொண்டு செல்ல வேண்டுமானால், உரிய நாளுக்குள் கணக்குத் தாக்கல் செய்திருக்க வேண்டும். சம்பளக்காரர்கள் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதே நாள்தான் எல்லை. ஆகவே எக்செல் கிடைக்கவில்லை, ஆன்லைன் திறக்கவில்லை என்று இரண்டு வாரம் காத்திருக்கலாம். கடைசி வாரம் வரை காத்திருக்கக் கூடாது.

அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. 30 நாட்களுக்குள் கணக்கைச் சரிபார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு வரும் ஓடிபி போதும். கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை. அதுவும் முடியாதவர்கள், ஐடிஆர்-வி என்னும் ஒப்புகைத் தாளை அச்சிட்டு, மையால் கையெழுத்திட்டு, பெங்களூருவில் உள்ள மத்தியச் செயலாக்க மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். அஞ்சல் குறியீடு 560500.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது. டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் இல்லாத கணினிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் பலவும் இப்போது என் பழைய மடிக்கணினியின் நிலைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் எக்செல் இன்னும் திறக்கும், யுடிலிட்டியும் பெரும்பாலும் ஓடும். ஆனால் கூடுதல் ஆதரவுத் திட்டத்தில் சேராமல், பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியில் பான் எண்ணையும் வங்கிக் கணக்குகளையும் தட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அப்படிப்பட்டவர்கள் கேட்டால், அந்தக் கணினியிலேயே லினக்ஸ் நிறுவி, கணக்கை ஓர் அட்டவணையில் போட்டு வைத்துக்கொண்டு, தங்கள் படிவத்துக்கு ஆன்லைன் வழி திறக்கும் நாளுக்காகக் காத்திருக்கச் சொல்வேன். அட்டவணையில் தேதிகள் வலப்பக்கம் ஒட்டி நிற்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.